வராது என்று நீ சொன்ன பின்னூட்டங்கள்

தம்பி,

'அன்புள்ள' என்று தட்டிவிட்டுப் பிறகு அழித்தேன். அன்பு இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை அந்தச் சொல்லிலிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ குடும்பத்தோடு கனடாவுக்கு விமானம் ஏறி இரண்டு மாதம் ஆகிறது. கடைசி மூன்று வாரமாக நான் எதைக் கேட்டாலும் "அப்பறம் பேசுறேம்ப்பா" என்கிறாய். அந்த அப்பறம் வரவே இல்லை. அதனால் நீ கட்டாயம் திறந்து பார்க்கும் ஒரே இடத்தில், உன் அம்மாவின் நினைவாக நீ உருவாக்கிய இந்தத் தளத்தில், இதைப் போடுகிறேன். உன் மாமனார் வீட்டார் படிப்பார்கள். நம் பங்காளிகள் படிப்பார்கள். அம்மாவிடம் தையல் கற்றவர்களும் படிப்பார்கள். உனக்குக் கோபம் வரும். வரட்டும். உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். உன் அம்மா செக்காலை ரோட்டில் ஒரு மாடியில் இருபத்திரண்டு வருஷம் தையல் வகுப்பு நடத்தினாள். பத்து வருஷத்துக்கு முன்னால், நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, கணினியில் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடு என்று உன்னைத்தான் கேட்டாள். நீயும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, இலவசமாகக் கிடைத்த ஒரு வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தாய். வாரம் ஒரு பதிவு போடுவாள். கழுத்து வெட்டுவது எப்படி, கை பொருத்துவது எப்படி, சுருக்கம் விழாமல் இழுத்துத் தைப்பது எப்படி என்று எழுதிப் படமும் சேர்ப்பாள். எங்கெங்கிருந்தோ பெண்கள் சந்தேகம் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போடுவாள். சாயங்காலங்களில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் தனியாகச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். என்ன சிரிப்பு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து வயலை அளப்பதுதான் அளவு, ரவிக்கைக்கு எடுப்பதெல்லாம் அளவா என்று அவளைக் கிண்டல் செய்தே காலத்தைக் கழித்தேன்.

போன வருஷம் ஆவணியில் அவள் போய்விட்டாள். சில மாதத்தில் அந்த இலவச வலைப்பூ நிறுவனம் கடையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. நீ எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டாய். அம்மாவின் பெயரிலேயே ஒரு தளம் வாங்கி, அந்தக் கோப்பை அதில் ஏற்றினாய். முதல் வருஷத் திதிக்கு வந்தவர்களுக்குக் கூடத்துத் தொலைக்காட்சியில் அதைப் போட்டுக் காட்டினாய். உன் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், எந்தப் பதிவின் கீழும் ஒரு பின்னூட்டம்கூட இல்லை. பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு உன்னிடம் கேட்டேன். நீ கண்ணை எடுக்காமல் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அது வராதுப்பா. இந்தப் பிளகின் பதிவ மட்டுந்தான் கொண்டு வரும்."

பிளகின் என்றால் என்ன என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. பழைய இடத்திலிருந்து இறக்கிய கோப்பைப் புதுத் தளம் புரிந்துகொள்ளும்படி பிரித்து அடுக்குகிற ஒரு சின்ன மென்பொருள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீ சொன்னதை நம்பினேன். சங்கிலியும் வரைபடமும் தெரிந்தவனுக்கு இதில் எதிர்க்கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

புறப்படும்போது அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தாய். இந்தத் தளத்துக்குள் நுழைய ஒரு கடவுச்சொல்லும் எழுதிக் கொடுத்தாய். எதற்குக் கொடுத்தாய் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. நான் தொடமாட்டேன் என்று நினைத்திருப்பாய். திரையில் படித்தால் எனக்குக் கண் எரிகிறது. எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்து, தைத்துப் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வகுப்பு இருந்த மாடிக்குக் கீழே கணினிக் கடை வைத்திருக்கிற நசீமாவிடம் போனேன். அவரும் ஒரு காலத்தில் உன் அம்மாவிடம் தையல் கற்றவர். கோப்பைத் திறந்து பார்த்தார். எழுத்துக்கு நடுவே குறிகளாக மண்டிக் கிடந்தது. இப்படியே அச்செடுத்தால் படிக்க முடியாது என்று சொல்லி, தன் கணினிக்குள்ளேயே ஒரு வெற்றுத் தளம் அமைத்து, அதே பிளகினைப் போட்டார். கோப்பைத் தேர்ந்தெடுத்தார். பதிவுகளை யார் பெயரில் போடட்டும் என்று அது கேட்டது. உன் அம்மா பெயரையே கொடுத்தார். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று வந்தது.

பழைய வலைப்பூ அதற்குள் மூடப்பட்டுவிட்டதால் படங்களை மட்டும் அதனால் எடுக்க முடியவில்லை. படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டமாக நின்றது. பதிவுகள் வந்தால் போதும், பின்னூட்டந்தான் எப்படியும் வராதே என்று நான் சொன்னேன். நசீமா திரும்பிப் பார்த்தார்.

"யாரு சார் சொன்னாக? எல்லாம் வந்துருச்சே. யாராச்சும் எடுத்தாத்தான் இல்லாமப் போகும்."

அந்த இடத்தில் எனக்கு உன் மேல் சந்தேகம் வரவில்லை. உனக்குத் தெரியாமல் ஏதோ தவறு நடந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அச்செடுத்த தாள்களை இரண்டு பைகளில் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். பதிவுக்குப் பதிவு, எத்தனையோ பெயர்களுக்கு நடுவில், 'ஓசூர் ராணி' என்று ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. யாரோ ஆர்வமுள்ள பெண் என்று கடந்துபோனேன். பிறகு ஒரு பின்னூட்டத்தில் நின்றுவிட்டேன். "டீச்சர், எனக்கு இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறக்கம். ரவிக்கை ஒரு பக்கமா நழுவுது. எப்படி வெட்டணும்?" அதற்குக் கீழே உன் அம்மாவின் பதில். "தெரியும்மா. இடது தோளுக்கு உள்ளே ரெண்டு மடிப்புத் துணி வை. கழுத்தைக் கால் அங்குலம் குறைச்சு வெட்டு."

முகம் தெரியாத ஒரு பெண்ணின் தோள் இறக்கம் ஒரு டீச்சருக்கு எப்படித் தெரியும்?

உனக்கு அப்போது நாலு வயது, நினைவிருக்காது. உன் அக்காவுக்கு ஒன்பது. கண்மாய்க் கரையில் அவளுக்குச் சைக்கிள் பழக்கினேன். "விட்றாதீகப்பா, விட்றாதீகப்பா" என்று கத்திக்கொண்டே மிதித்தாள். அந்தப் பயத்தைப் போக்குகிறேன் என்று சரிவில் வேண்டுமென்றே கையை எடுத்தேன். விழுந்து இடது தோளெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று உன் அம்மா அழுதாள். மறுநாள் ஆத்தங்குடியில் எனக்கு அளவை வேலை இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் நாள் முழுக்கப் போய்விடும் என்று, பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனேன். எலும்பு கோணலாகவே கூடியது. எந்தச் சட்டை போட்டாலும் அவளுக்கு இடது பக்கம் கொஞ்சம் இறங்கியே இருக்கும். அவளுடைய உடுப்புகளையெல்லாம் உன் அம்மா கடைசிவரை தன் கையாலேயே தைத்தாள். கடைசிவரை என்றால், அவள் இந்த வீட்டைவிட்டுப் போகும்வரை.

தேன்மொழி. அவள் பெயரை எழுதிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஓசூரில் வேலைக்குப் போன இடத்தில் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் இருவரும் வாசலில் வந்து நின்றபோது நான் கதவைச் சாத்தினேன். அவள் பெயர் இந்த வீட்டில் இனி வரக்கூடாது என்றேன். அது போதாது என்று, உன்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, உன் தலையில் கையை வைக்கச் சொல்லி உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். அவளோடு பேசமாட்டேன், அவள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்ல வைத்தேன். பத்தொன்பது வயதில் நீ அசையாமல் நின்றாய். சொல்லி முடித்ததும் உன் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் சத்தியத்தை மீறவில்லை. பேசவில்லை, பார்க்கவில்லை. தையல் சந்தேகத்துக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். இந்த வலைப்பூ உன் அக்காவின் கண்ணில் தற்செயலாகப் பட்டதா, அதற்காகத்தான் உன் அம்மா இதைத் தொடங்கினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இனி ஆள் இல்லை. ஓசூர் ராணி ஏழாம் மாதத்துக்கு ரவிக்கையை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். தளர்த்தும் அளவைச் சொல்லிவிட்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படு, இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே என்று பதில் வந்திருக்கிறது. பிறந்த குழந்தைக்கு முதல் சட்டை எப்படித் தைப்பது என்று கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் அதற்கென்றே ஒரு முழுப் பதிவு. பழைய மெல்லிய பருத்திச் சேலையில் தைக்க வேண்டும், தையல் விளிம்பு உடம்பில் உரசாமல் வெளிப்பக்கம் வர வேண்டும், பொத்தானுக்குப் பதில் நாடா வைக்க வேண்டும் என்று. நல்ல சுங்குடிச் சேலை ஒன்றை அவள் வெட்டியதற்காக நான் சத்தம் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. வகுப்புக்கு மாதிரி வேண்டும் என்றாள்.

அந்த மாதிரிகள் எல்லாம் அவளுடைய பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். ஒரு சட்டை, நாலைந்து கவுன், ஒரு பாவாடை சட்டை, பள்ளிக்கூடச் சீருடை ஒன்று. ஒவ்வொன்றிலும் பதிவின் தலைப்பை எழுதிக் குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறாள். கைக்குழந்தை அளவில் தொடங்கி எட்டு வயது வரைக்கும் வருகிறது. எனக்கு ஒரு பேத்தி இருப்பதையும், அவள் வருஷா வருஷம் எவ்வளவு வளர்ந்தாள் என்பதையும் நான் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதுவரைக்கும் குற்றம் என்னுடையது. இனி வருவதில் உனக்கும் பங்கு இருக்கிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாளே, அதில் பத்தாவது நாளோ என்னவோ, போனைக் கொடுங்கள் என்று கேட்டாள். கண் வலிக்கும், ஓய்வெடு என்றேன். "ஒரு ஆளுக்குப் பதில் சொல்லணும்ங்க" என்றாள். தையல் சந்தேகமெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அவள் இறந்த அன்று உன் தாய்மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மகளுக்குச் சொல்ல வேண்டாமா என்றார். எனக்கு ஒரு மகன்தான் என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

அந்த வலைப்பூவில் அம்மா அனுமதித்தால்தான் பின்னூட்டம் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். அவள் போன பிறகு வந்தவை எல்லாம் அனுமதிக்குக் காத்துக்கிடந்திருக்கின்றன. அவையும் அந்தக் கோப்பில் இருந்தன. ஓசூர் ராணி எழுதியவை மட்டும் ஆறு. "டீச்சர், ஒரு மாசமா பதிவு காணும். உடம்புக்கு என்ன?" என்று ஒன்று. பாப்பாவுக்குச் சீருடை தைத்துவிட்டேன், மடிப்பு சரியாக வந்தது என்று ஒன்று. நான் கேட்டதில் ஏதாவது தப்பா டீச்சர் என்று ஒன்று. கடைசியில், "ஒரு எழுத்து போட்டாப் போதும், இருக்கீகன்னு தெரிஞ்சுக்குவேன்." அதோடு நின்றுவிட்டது. வலைப்பூவை நிர்வகித்தவன் நீ. கோப்பை இறக்கியவன் நீ. உன் தளத்தில் எல்லாம் வந்து சேர்ந்ததைப் பார்த்தவன் நீ. தாள்களைப் படித்த அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டு ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். 

"பாத்துட்டீகளா?" என்றாய். பிறகு, "நீங்கதானப்பா சொன்னீக, அவ பேரே இந்த வீட்ல வரக்கூடாதுன்னு. திதிக்கு வந்த அத்தனை பேரும் பாக்குற எடத்துல அத விட்டு வைக்கவா?"

நீ சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒன்று, தம்பி. நான் கதவைச் சாத்தியபோது ஆத்திரத்தில் இருந்தேன். நீ இதைச் செய்தபோது உனக்கு ஆத்திரம்கூட இல்லை. தாய் செத்தது தெரியாமல் ஒருத்தி ஆறு முறை கூப்பிட்டதைப் படித்துவிட்டு, உன் மாமனார் வீட்டார் முன்னால் சங்கடம் வேண்டாம் என்று துடைத்துப் போட்டாய். என்னைவிட நீ நிதானமாகச் செய்தாய். பிள்ளை தன்னைவிட நன்றாக வர வேண்டும் என்றுதான் எல்லாத் தகப்பனும் நினைக்கிறான். உன் மூன்று வயது மகன் நாளைக்கு உன்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்வான் என்று யோசித்துக்கொள். அவன் எதிரே யாரையும் வேண்டாத ஆள் என்று சொல்லாதே. உனக்கு நான் தரக்கூடிய புத்தி இது ஒன்றுதான்.

ஒவ்வொரு பின்னூட்டத்தோடும் எழுதியவரின் மின்னஞ்சல் முகவரி, தளத்தை நடத்துகிறவருக்கு மட்டும் தெரியும்படி வருகிறது. நசீமா எடுத்துக் கொடுத்தார். தேன்மொழிக்கு நாலு வரி எழுதினேன். அம்மா போன வருஷம் ஆவணியில் இறந்துவிட்டாள், உனக்குச் சொல்லாதது என் குற்றம் என்று எழுதி, என் போன் எண்ணையும் போட்டேன். நாலாம் நாள் கூப்பிட்டாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"அம்மா என்னையக் கேட்டாகளா?"

போனைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "சரி, நான் வேலையில இருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வீட்டுக்கு வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். நசீமா கடையில் சந்தித்தோம். மகளையும் கூட்டி வந்திருந்தாள். முப்பத்தாறு வயதில் முன்பக்கம் நரைத்திருக்கிறது. போட்டிருந்த ரவிக்கை இரண்டு தோளிலும் சரியாக நின்றது. தாள்களையும் துணிப் பையையும் கொடுத்தேன். கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்தாள். எல்லாம் சின்னதாகிவிட்டது, கடைசியாகத் தைத்தது ஒன்றுதான் பாப்பாவுக்கு ஆகும் என்றாள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. அழுதது நசீமாதான். அந்தப் பின்னூட்டங்களைத் திரும்பத் தளத்தில் போடட்டுமா, நம் வீட்டில் நடந்ததையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "அது நான் அம்மாவுக்கு எழுதுனது. அவுக எழுதுனதுக்குக் கீழேயே இருக்கட்டும். மத்தது உங்க இஷ்டம்" என்றாள். அங்கேயே, நீ கொடுத்த கடவுச்சொல்லால் உள்ளே நுழைந்து, அதே கோப்பை நசீமா மறுபடி ஏற்றினார். இருப்பதை அது தொடாதாம், இல்லாததை மட்டும் சேர்க்குமாம். இப்போது நீ பார்த்தால் எல்லாம் இருக்கும்.

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டாள். தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். அவன் படித்தானா என்றாள். படித்துவிட்டுத்தான் எடுத்தான் என்றேன். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் திரிந்தவள். தாள்களைத் தட்டி நேராக்கி அடுக்கினாள்.

"அவன் மேல எனக்குக் கோவம் இல்லைன்னு பொய் சொல்லிராதீக" என்றாள்.

சொல்லவில்லை. அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

பஸ் நிலையத்துக்கு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றவள், நான் கூடவே நடந்ததைத் தடுக்கவும் இல்லை. திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கீழே நின்றேன். பிள்ளை என்னையே பார்த்துவிட்டு, யாரும்மா இவர் என்று கேட்டது. தேன்மொழி என் பக்கம் திரும்பாமல் பதில் சொன்னாள்.

"தையல் டீச்சர் வீட்டுக்காரர்."

பிள்ளை எனக்கு வணக்கம் வைத்தது. நானும் வைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

அவளுடைய எண்ணை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கூப்பிடு என்று நான் சொல்லமாட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுத்தான் நீ இப்படி ஆகியிருக்கிறாய்.

அப்பா